ஒரு வீட்டுக்குள் இரண்டு படங்கள்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததற்கெல்லாம் வேறு பெரிய காரணம் எதையும் யாரும் தேட வேண்டாம். பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், பழுப்பு உறையில் வரும் அரசாங்கக் கடிதத்துக்குப் பயம். லண்டனுக்கு வந்தபின் அந்தக் கடைசிப் பயம்தான் மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டு வளர்ந்தது. எங்கள் மூவருடைய விசாவும் என் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. என் வேலை போனால் அடுத்த வேலை தேட இரண்டு மாதம் விடுவார்கள், கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க அப்போது இன்னும் ஏழு மாதம் இருந்தது. குளியலறைக் கதவின் பின்பக்கம் ஒரு காலண்டரை மாட்டி வைத்து, பல் தேய்க்கும்போதெல்லாம் அந்த ஏழு மாதத்தை எண்ணுவேன்.

என் வேலை சினிமாவில்தான், ஆனால் கேமராவை நான் தொட்டதுகூட இல்லை. எடுத்து முடித்த காட்சியில் இருக்கக்கூடாததை அழிப்பவள் நான். ஐம்பதுகளில் நடக்கும் கதையில் தெருவோரத்து மஞ்சள் கோடு இருந்தால் அழிப்பேன், கண்காணிப்புக் கேமரா இருந்தால் அழிப்பேன், வானத்தில் விமானம் போனால் அதையும் அழிப்பேன். என் கணவருக்கும் இதே தொழில். சென்னையில் ஒரே ஸ்டூடியோவில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்துதான் நாங்கள் பழகினோம். இங்கே எனக்கு வேலை கிடைத்து நான் முதலில் வந்தேன், அவர் மகளைக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தார். நோர்பரியில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே குடியிருந்தோம். இரண்டு வருடம் அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டார், பிறகு நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அன்று பாயசம் வைத்தேன்.

எங்கள் தொழிலில் படத்துக்கு உண்மையான பெயரைச் சொல்ல மாட்டார்கள், ஏதாவது ஒரு பொய்ப் பெயர் வைத்திருப்பார்கள். என்னிடம் இருந்த படத்துக்கு ஒரு பழத்தின் பெயர், அவரிடம் இருந்ததற்கு ஒரு பறவையின் பெயர். வீட்டில்கூடப் பேச மாட்டோம் என்று இருவரும் தனித்தனியே கையெழுத்துப் போட்டிருந்தோம், அப்படியே நடந்தும் வந்தோம். சாப்பாட்டு மேசையில் பழமும் பறவையும் எதிரெதிரே உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டன.

என்னுடைய படம் பழைய ஹாலிவுட் நடிகை ஒருத்தியின் வாழ்க்கைக் கதை. கறுப்பு வெள்ளைக் காலத்தில் உலகமே கொண்டாடியவள், செத்து எத்தனையோ வருடம் ஆகிறது. அதே நடிகையைப் பற்றி இன்னொரு கம்பெனியும் படம் எடுக்கிறது என்பது தேநீர் அறையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் வருகிற படம்தான் ஓடும், இரண்டாவதாக வருவதை யார் பார்ப்பார்கள் என்று பேசிக்கொள்வார்கள். எங்கள் கதையில் அவள் வாழ்க்கையைக் கெடுத்தவன் கணவன், அவர்கள் கதையில் தாய் என்று கேள்வி. எழுந்து வந்து மறுத்துப் பேச மாட்டாள் என்ற தைரியத்தில் ஆளாளுக்கு அவளை ஒரு பக்கம் இழுத்தார்கள். நானும் அதில் ஒரு கை போட்டுச் சம்பளம் வாங்கினேன்.

அந்த நடிகைக்கு மோவாய்க்கு அடியில் இடது பக்கம் ஒரு தழும்பு இருந்தது. எந்தப் படத்திலும் தெரியாதபடி மேக்கப் போட்டு மறைத்திருந்தாள். எங்கள் தயாரிப்பாளர்கள் அவள் குடும்பத்தாரிடம் வாங்கிய சொந்தப் புகைப்படங்களில்தான் அது தெரிந்தது. அதில் ஒரு புகைப்படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தது, அதை நம்பி மேக்கப்காரர்கள் சில காட்சிகளில் தழும்பை வலது பக்கம் வைத்துவிட்டார்கள். அதைப் பெயர்த்து இடது பக்கம் கொண்டுவருவது என் தலையில் விழுந்தது. இரண்டு மாதம் ஒரு பெண்ணின் மோவாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மகள் விளையாட்டுத் திடலில் விழுந்து மோவாயைப் பெயர்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பசை போட்டு ஒட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அவளை மடியில் வைத்துக்கொண்டு காயத்தைப் பார்த்த கணவர், யோசிக்காமல் சொன்னார்: "இதே இடம்தான். அந்தம்மாவுக்கும் இங்கதான் தழும்பு, இடது பக்கம். நீச்சல் குளத்துப் படியில விழுந்துட்டாங்களாம்."

"எந்த அம்மாவுக்கு?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நீச்சல் குளம் என்பதுகூட எனக்குத் தெரியும், அந்தப் புகைப்படத்தின் பின்புறம் எழுதியிருந்தது. தழும்பைப் பற்றி இந்த ஊரில் தெரிந்தவர்கள் இரண்டே கூட்டம், ஒன்று எங்களுடையது, இன்னொன்று அதே குடும்பத்தாரிடம் புகைப்படம் வாங்கிய மற்றக் கம்பெனியுடையது. பறவை என்பது அந்தப் படம்தான். மகள் தலையைத் தடவிக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது.

மகளை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு அடுக்களையில் நின்று குசுகுசுவென்று பேசினோம். நான் கம்பெனியில் சேர்ந்தபோது, குடும்பத்தில் யாராவது இந்த நாட்டில் இதே தொழிலில் வேறு கம்பெனியில் இருக்கிறார்களா என்று கேட்ட படிவத்தில் இல்லை என்று எழுதியிருந்தேன். அன்றைக்கு அது உண்மை. அவர் சேரும்போது, மனைவி கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என்று எழுதியிருந்தார். அது பொய் என்று சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது.

"போய்ச் சொல்லிடலாமா?" என்றார்.

"சொன்னா? ரெண்டு பேரையும் அனுப்பிட்டா? ஏழு மாசங்க. ஏழே மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்."

வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று சொன்னது நான். பின்னால் வாயைத் திறந்ததும் நான்தான்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் ஒரு கோடு விழுந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வேன், அவர் தட்டிவிட்டுத்தான் வருவார். வேலை எப்படிப் போனது என்று கேட்பதைக்கூட விட்டோம். போன் மணி அடித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சண்டை போட்டுக்கொண்ட தம்பதி மாதிரித் தெரிந்திருப்போம்.

இப்படி மூன்று மாதம் ஓடியது. பிறகு எங்கள் படத்தின் ஒரு காட்சி இணையத்தில் கசிந்தது. ஒரே ஒரு பிரேம். வயதான நடிகை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் பொய்முடியைக் கழற்றுகிறாள், படத்தின் கடைசிக் காட்சி. அதைக் காலையில் ரயிலில் போனில் பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் தெரிந்த படப்பிடிப்பு விளக்குகளை அழித்தவள் நான். எங்கள் கம்பெனியில் அந்தக் காட்சியைத் தொட்டவர்கள் மொத்தம் நான்கு பேர்.

அலுவலகத்துக்குப் போவதற்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது. தயாரிப்பாளர்களின் வக்கீல் வருகிறார், ஒவ்வொருவரையும் தனியாகப் பார்ப்பார், யாருக்காவது ஏதாவது தெரிந்தால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, பிறகு தெரியவந்தால் நிலைமை வேறு. அந்தக் கடைசி வரியை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அன்று மதியம்தான் பிடித்தது. போன வியாழக்கிழமை மகளுக்குச் சளி. நாங்கள் இருவரும் வீட்டிலிருந்தோம். நான் இந்தக் காட்சியைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது கீழே பார்சல்காரன் மணி அடித்தான், அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது மேசையில் காபி இருந்தது. அன்று சாப்பிடும்போது அவர் சொல்லியிருந்தார்: "அந்தக் கண்ணாடி நல்லா வந்திருக்கு."

அன்று அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று மாதத்தில் என் வேலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. இப்போது அதே வார்த்தை வேறு மாதிரிக் கேட்டது. இவர் எடுத்திருப்பாரா? எடுத்து அவர்கள் கம்பெனியில் யாருக்காவது காட்டியிருப்பாரா? பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவர். கடையில் மீதிச் சில்லறை கூடக் கொடுத்துவிட்டால் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். அவரை நேரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆமா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் கேட்கவில்லை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் போனை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மகள், கறிவேப்பிலைச் செடி, மகள், பஸ் நேர அட்டவணை. ஒன்றும் இல்லை. அழித்திருப்பாரோ என்று உடனே தோன்றியது. அழிப்பதுதானே எங்கள் இருவருக்கும் தொழில்.

எங்கள் அலுவலகத்தில் இன்னொரு தமிழர் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். படக் கோப்புகளை வாங்கிப் பத்திரப்படுத்தி அனுப்பும் அறையைப் பார்த்துக்கொள்கிறார். அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். வக்கீல் வருவதற்கு முதல் நாள் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கட்டே? குறை நினைக்காதேங்கோ. மற்றப் படத்தில வேலை செய்யிற ஆக்களின்ர லிஸ்ட் ஒண்டு வக்கீலிட்ட இருக்கு. ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லி எனக்கும் தந்தவங்கள். அதில ஒரு தமிழ்ப் பேர் கிடக்குது."

என்ன பேர் என்று கேட்டேன்.

"உங்கட பேருக்குப் பின்னால இருக்கிற பேர், அங்க முன்னால நிக்குது. அது உங்கட அவர்தானே?"

இதை எங்கள் ஆட்கள் தவிர வேறு யாரும் கண்டுபிடிக்க முடியாது. எங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. என் பெயருக்குப் பின்னால் இருப்பது கணவரின் பெயர், அவர் பெயருக்குப் பின்னால் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். இந்த ஊர்ப் படிவத்தில் எங்கள் கடைசிப் பெயர்கள் இரண்டும் வேறு வேறு. நாங்கள் தம்பதி என்று பள்ளிக்கூடத்தில் புரியவைக்கவே ஒரு பாடு பட்டிருக்கிறோம். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று கம்பெனியில் கேட்டபோதும், அவர் அன்று சென்னையில் இருந்ததால், வீட்டுக்காரம்மாவின் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.

"அண்ணா, அவர் ஒண்ணும் செய்யலைண்ணா" என்றேன். எனக்கே நிச்சயமில்லாததை அவரிடம் சத்தியம் மாதிரிச் சொன்னேன்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பயப்பிடாதேங்கோ. வெள்ளைக்காரருக்கு இது விளங்காது, அவை கடைசிப் பேரை மட்டுந்தான் பாப்பினம். நான் வந்த காலத்தில என்னை மூண்டு தரம் இருத்தி வைச்சு விசாரிச்சவங்கள். அதால சொல்லுறன். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. கேக்காததைச் சொல்லப் போகாதேங்கோ."

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் இதைச் சொன்னேன். அண்ணா கண்டுபிடித்துவிட்டார், ஆனால் சொல்ல மாட்டாராம் என்றேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "மனுஷன் எப்படிப்பட்டவரு? நம்பலாமா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும் என்றேன்.

மறுநாள் கண்ணாடிச் சுவர் போட்ட அறையில் உட்காரச் சொன்னார்கள். வக்கீல் அம்மா ரொம்ப மரியாதையாகப் பேசினார், அதுவே என்னை இன்னும் நடுங்க வைத்தது. பட்டியலை என் முன்னால் வைத்து, தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா பாருங்கள் என்றார். கடைசிப் பெயரின் வரிசையில் அடுக்கியிருந்தார்கள். அண்ணா சொன்னது சரிதான். என் கடைசிப் பெயர் அங்கே பக்கத்துக் கட்டத்தில், முதற்பெயராக, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தது. தெரியாது என்று தலையாட்டினேன். வக்கீல் ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"வீட்டில் வேலை செய்யும்போது உங்கள் திரையை வேறு யாராவது பார்த்திருக்க வாய்ப்பு உண்டா?" என்று பிறகு கேட்டார். கடைசியாகக் கேட்கும் கேள்வி என்றும் சொன்னார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையே பேசுவதானாலும், கணவர் எப்போதாவது காபி கொண்டுவருவார் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மா பேனாவை மூடியே விட்டார். ஆனால் பிறகு தெரியவந்தால் நிலைமை வேறு என்ற அந்த வரி என் தலைக்குள் ஓடியது. இவர்தான் செய்திருந்தால்? எப்படியும் கண்டுபிடித்துவிட்டால்? நானும் சேர்ந்து போவேன், நான் போனால் எல்லோரும் போவோம். யாராவது ஒருவர் மிஞ்ச வேண்டும், விசா என் பெயரில் இருக்கிறது, மிஞ்ச வேண்டியவள் நான்தான். இவ்வளவையும் ஒரு மூச்சுக்குள் நினைத்தேன். பயம் மனிதர்களை முட்டாளாக்கும் என்பார்கள், எனக்கு அன்று கணக்கு நன்றாகவே வந்தது.

"என் கணவர் பார்த்திருக்கலாம்" என்றேன். பட்டியலைத் திருப்பி என் பக்கம் இழுத்து, அவர் பெயரின் மேல் விரலை வைத்தேன். "இவர்தான்."

சற்று முன் தெரியாது என்று தலையாட்டியதைப் பெரிதுபடுத்தாமல், அந்த அம்மா என் நேர்மையைப் பாராட்டினார். இப்படி முன்வந்து சொன்னதால் என் வேலைக்கு எந்தப் பாதிப்பும் வராது என்றார். யார் சொன்னது என்பது வெளியே போகாது என்றும் சொன்னார். அதை நானே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

வக்கீலின் கடிதம் அவர் கம்பெனிக்குப் போய், இரண்டு நாள் கழித்து அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். படிவத்தில் மறைத்தது குற்றமாம். அவர் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் மகள் வரைந்து கொடுத்த யானைப் படத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். அடுத்த மூன்று வாரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் அலுவலகத்தில் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. விசாரணை முடிந்தது, ஊழியர்கள் யார் மீதும் தவறில்லை, படத்தின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டவர்களே மற்றப் படத்துக்கு முந்திக்கொள்ள அந்த பிரேமை முன்கூட்டியே வெளியே விட்டிருக்கிறார்கள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அழுதேன்.

"எப்படிடி தெரிஞ்சுது அவங்களுக்கு?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "நம்ம பேரைப் பாத்து வெள்ளைக்காரங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது. தமிழ் ஆளுதான் சொல்லியிருக்கணும். உங்க அண்ணன்தான். வேற யாரு?"

நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஆமா என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஏழு மாதம் முடிந்தது. அனுமதியும் வந்தது. இரண்டு படங்களும் வெளியாகி, எங்களுடையது முதலில் வந்தும் ஓடவில்லை. பின்னால் வந்ததும் ஓடவில்லை. அவருக்கு வேறு வேலை கிடைத்தது, சினிமாவில் இல்லை, ஒரு கிடங்கில். அனுமதி வந்ததற்கு ஒரு அர்ச்சனை செய்யலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் லூயிஷாமுக்குக் கோயிலுக்குப் போனோம். அண்ணாவின் வீடு அந்தப் பக்கம்தான் என்பது எனக்குத் தெரியும். அவரைப் பார்த்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன்.

அர்ச்சனை முடிந்து வெளியே வந்தபோது அண்ணா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு சிரித்து, "எப்பிடி தங்கச்சி, சுகமே?" என்றார். கூட நிற்பவர் யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் கணவர் முன்னால் போனார். யாரிடமும் குரலை உயர்த்தாதவர், அன்றும் உயர்த்தவில்லை. "சார், நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? சொல்ல மாட்டேன்னு இவகிட்ட வாக்குக் கொடுத்துட்டு, அங்க போய் என் பேரைக் காட்டிக் கொடுத்தீங்களே. நியாயமா?"

அண்ணாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றேன். இப்போது சொல், இப்போதாவது சொல் என்று என்னையே நான் நெட்டித் தள்ளினேன். என் வாய் திறக்கவில்லை. அவர் என்னையும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மகளையும் பார்த்தார்.

"ஓம் தம்பி" என்றார். "நான்தான் சொன்னனான். பிழைதான். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

செருப்பை மாட்டிக்கொண்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டபடி பஸ் நிறுத்தம் பக்கம் நடந்து போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸின் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். கணவர் முகம் பல மாதங்களுக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்திருந்தது.

"எது எப்படியோ, நேருக்கு நேர் கேட்டதும் ஒத்துக்கிட்டாரு பாத்தியா" என்றார். "அந்த தைரியம் எல்லாருக்கும் வராது."

"ஆமாங்க" என்றேன்.